துயரைச் சுமந்து எழுந்தவர் அண்ணல் அம்பேத்கர்

அண்ணல் டாக்டர் அம்பேத்கர் அவர்களின் பெயரை அறியாத வீடு நம் சேரிகளில் இன்று இல்லை. அரசியலமைப்புச் சட்டத்தை வரைந்த மேதை என்றும், வட்ட மேசை மாநாட்டில் நம் மக்களுக்காக வழக்காடிய வீரர் என்றும், பல பட்டங்களைப் பெற்ற பேரறிஞர் என்றும் மேடைதோறும் அவரைப் போற்றுகிறோம். நீலநிறக் கோட்டு அணிந்து, கையில் நூலேந்தி, விரல் நீட்டி நிற்கும் அவருடைய சிலையைக் காணும் நம் பிள்ளைகள், அவர் கல்லைப் போலவே கலங்காத நெஞ்சம் படைத்தவர் என்று எண்ணிவிடுகின்றனர். அந்த எண்ணம் பிழையானது. தாயை இழந்து, தந்தையை இழந்து, பெற்ற மக்கள் நால்வரைப் பறிகொடுத்து, வாழ்க்கைத் துணைவியையும் இழந்து, குழந்தை போலத் தேம்பி அழுத மனிதர் அவர். அழுத பிறகு எழுந்து நின்றார் என்பதே அவருடைய பெருமை.

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவைக் கொண்டாடும் இவ்வேளையில், அவர் பெற்ற வெற்றிகளைப் பிறர் விரிவாக எழுதுவர். அவர் அடைந்த இழப்புகளையும், அவ்விழப்புகளுக்குப் பின் அவர் எவ்வாறு உயிர் வாழ்ந்தார் என்பதையும் எழுதவே நான் விழைகின்றேன். அதற்குக் காரணம் உண்டு. ஆரணியிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும், தந்தை மறைந்த மறுமாதமே பள்ளியை விட்டு அரிசி ஆலைக்குச் சென்ற பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். தாய் இறந்த பின் தம்பி தங்கையரைக் காக்கப் பட்டுத்தறிக்குத் துணை வேலைக்குச் சென்ற பெண் பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். வறுமை மட்டும் அவர்களை நிறுத்தவில்லை. சிலருக்குக் கட்டணம் கட்ட ஆள் இருந்தும், புத்தகத்தைத் திறக்க மனம் இல்லாமற் போயிற்று. இறந்தவர் போய்விட, இருப்பவர் உள்ளத்தில் எழும் அலைகளைப் பற்றி நம்மிடையே எவரும் பேசுவதில்லை. அண்ணலின் வாழ்க்கையைத் துணையாகக் கொண்டு அதைப் பேசுவோம்.

பதினான்கு பேரில் எஞ்சியவர்

அண்ணல் 1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள், மத்திய இந்தியாவில் மாவ் என்னும் படைமுகாம் நகரில் பிறந்தார். தந்தையார் ராம்ஜி சக்பால், படையில் சுபேதார் பதவி வகித்தவர். தாயார் பீமாபாய். அவ்விருவருக்கும் பிறந்த பதினான்காவது பிள்ளை அண்ணல். அப்பதினால்வருள் உயிர் தங்கியவர்கள் ஐவரே. பலராம், ஆனந்தராவ், பீமராவ் ஆகிய மூன்று ஆண் மக்களும், மஞ்சுளா, துளசா ஆகிய இரு பெண் மக்களுமே எஞ்சினர். ஆகவே, பிறந்தது முதலே அவர் உயிர் பிழைத்தவர்களுள் ஒருவராகவே வளர்ந்தார்.

அவருக்கு ஐந்து ஆறு வயது இருக்கும்போது, சதாராவில் தாயார் பீமாபாய் இயற்கை எய்தினார். தந்தையின் தமக்கையாகிய மீராபாய் என்னும் அத்தை, உடற்குறை உடையவராயினும், தாயில்லாப் பிள்ளைகளை அணைத்து வளர்த்தார். பின்னர் தந்தையார் மறுமணம் செய்துகொண்டார். மறைந்த தாயின் நகைகளைச் சிற்றன்னை அணிந்திருக்கக் கண்ட சிறுவன் பீமனுக்கு உள்ளம் கொதித்தது. இனித் தந்தையின் சோறு வேண்டாம், பம்பாய்க்குச் சென்று ஆலையில் வேலை செய்து பிழைப்போம் என்று முடிவு செய்தான். வழிச்செலவுக்குப் பணம் வேண்டும். அத்தை இடுப்பில் செருகி வைத்திருந்த பணப்பையைத் திருட மூன்று இரவுகள் முயன்று தோற்று, நான்காம் இரவு கைப்பற்றினான். பையைத் திறந்தால் உள்ளே இருந்தது அரையணா மட்டுமே.

அந்த அரையணா அவனைத் தடுத்து நிறுத்தியது. தன்னை வளர்க்கும் அத்தையின் வறுமையும், தான் செய்ய முனைந்த செயலின் இழிவும் ஒருசேர அவனுக்குப் புலப்பட்டன. ஓடிப்போகும் எண்ணத்தை விட்டு, விரைவில் படித்துத் தேறித் தன் காலில் நிற்பது என்று உறுதி பூண்டான். அதுவரை பாடத்தில் நாட்டமின்றித் திரிந்த சிறுவன் படிப்பில் முனைந்தது இதன் பின்னரே.

இளைஞர்களே, இந்நிகழ்ச்சியைச் சற்று எண்ணிப் பாருங்கள். துயரம் எப்போதும் கண்ணீராகவே வருவதில்லை. பிள்ளைகளிடத்தில் அது கோபமாக வரும், திருட்டாக வரும், வீட்டை விட்டு ஓடும் வேகமாகவும் வரும். தாயை இழந்த பிள்ளை முரடனாகத் திரிந்தால், அவனைத் தறுதலை என்று ஊர் தள்ளிவிடுகிறது. சதாராவில் அச்சிறுவனையும் அவ்வாறு தள்ளியிருந்தால் நமக்கு அம்பேத்கர் கிடைத்திருக்கமாட்டார்.

சூரத்து நிலையத்தில் தவறிய வண்டி

அவர் 1907-ஆம் ஆண்டு மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறி, எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று பி.ஏ. பட்டத்துக்குரிய படிப்பை முடித்தார். 1913-ஆம் ஆண்டு ஜனவரியில் பரோடா அரசின் பணியில் சேர்ந்தார். சேர்ந்த சில நாட்களிலேயே, தந்தையார் நோயுற்றுக் கிடப்பதாகத் தந்தி வந்தது. உடனே புறப்பட்டார். வழியில் சூரத்து நிலையத்தில், தந்தைக்கு இனிப்பு வாங்கிச் செல்லலாம் என்று வண்டியை விட்டு இறங்கினார். அவர் திரும்புவதற்குள் வண்டி சென்றுவிட்டது. அடுத்த வண்டி பிடித்துப் பம்பாய் வந்து சேர மறுநாளாயிற்று. மகனைக் காண்பதற்காகவே உயிரைப் பிடித்து வைத்திருந்த தந்தை, அவர் முதுகை நடுங்கும் கையால் தடவிக் கொடுத்தார். சிறிது நேரத்தில் அவ்வுயிர் பிரிந்தது. அன்று 1913 பிப்ரவரி 2.

அன்பினால் வாங்கச் சென்ற இனிப்பு, தந்தையோடு இருந்திருக்கக் கூடிய ஒரு நாளை அவரிடமிருந்து பறித்துக்கொண்டது. இவ்வகை நினைவு எத்தகைய வேதனை தரும் என்பதை அனுபவித்தவர் அறிவர். முன்பே வந்திருக்கலாமே, வேறு மருத்துவரிடம் காட்டியிருக்கலாமே, அன்று அப்படிப் பேசாமல் இருந்திருக்கலாமே என்று இருப்பவர் மனம் தன்னைத்தானே குற்றவாளிக் கூண்டில் ஏற்றி வைக்கும். என் தந்தையார் இறந்தபோது நானும் அக்கூண்டில் நெடுநாள் நின்றவன். ஊரெங்கும் விசாரித்தால் இக்குற்ற உணர்ச்சி இல்லாத வீடே இராது. அது அன்பின் மறுபக்கம் என்று அறிந்துகொண்டால், கூண்டின் கதவு சிறிதேனும் திறக்கும்.

தந்தை மறைந்த சில மாதங்களில், பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகையைப் பெற்று அண்ணல் நியூயார்க் சென்றார். 1913 ஜூலையில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1915-இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். படி, படி என்று இளமை முழுதும் உடனிருந்து ஊக்கிய தந்தை, அப்பட்டத்தைக் காண உயிரோடு இல்லை.

நான்கு குழந்தைகள்

அண்ணலின் துணைவியார் ரமாபாய் அவர்களும் இழப்பில் வளர்ந்தவரே. அவருடைய தந்தை, கொங்கணக் கரையில் தாபோல் துறைமுகத்தில் மீன் கூடை சுமந்து பிழைத்தவர். பெற்றோர் இருவரையும் சிறுவயதிலேயே இழந்து, பம்பாயில் மாமன் வீட்டில் வளர்ந்த பெண். தாயில்லாத பிள்ளைக்குத் தாய் தந்தையற்ற பெண் துணையானார்.

அவர்களுக்குப் பிறந்த மக்கள் ஐவர். 1912-இல் பிறந்த மூத்த மகன் யஷ்வந்த் ஒருவரே உயிர் தங்கினார். கங்காதர், ரமேஷ், மகள் இந்து, கடைக்குட்டி ராஜரத்னா ஆகிய நால்வரும் பிஞ்சிலேயே மறைந்தனர். கணவர் அயல்நாட்டில் பயின்ற ஆண்டுகளில் ரமாபாய் பட்ட பாடு சொல்லுந்தரமன்று. அண்ணலும் இலண்டனில் வயிறாற உண்டவர் அல்லர். பகல் முழுதும் நூலகத்தில் பட்டினியோடு பயின்று, இரவில் ஒரு கோப்பைப் பானமும் நண்பர் தந்த அப்பளமுமாகப் பசியாறிய நாட்கள் பல. எனினும் பட்டினியோடு பிள்ளைகளின் நோயையும் பார்த்துக்கொண்டிருந்தவர் ரமாபாயே. அண்ணலின் படிப்பைப் புகழும் நாம் அம்மையாரின் பொறுமையை மறத்தல் ஆகாது.

நால்வருள் ராஜரத்னாவின் மரணமே அண்ணலை முறித்துப் போட்டது. 1926-ஆம் ஆண்டு ஜூலையில் அக்குழந்தை இறந்தது. அடுத்த மாதம் தம் நண்பர் தத்தோபா பவார் என்பவருக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். நான்கு குழந்தைகளைப் புதைத்த பெற்றோரின் நிலையை அதில் ஒளிவு மறைவின்றி வெளியிட்டார். வாழ்க்கையே சுவையிழந்து போயிற்று என்ற வெறுமை அக்கடிதம் முழுவதும் பரவியுள்ளது. டாக்டர் பட்டம் பெற்ற பாரிஸ்டர், ஒரு சமூகத்தின் தலைவர், தம் உள்ளம் உடைந்துவிட்டது என்று நண்பருக்கு எழுத நாணவில்லை. துயரத்தை வெளியே சொல்வது ஆண்மைக்கு இழுக்கு என்று நினைத்துக் கள்ளுக்கடைக்கும் சாராயக்கடைக்கும் செல்லும் நம் ஆடவர் இதைக் கருத்தில் கொள்ளவேண்டும். குடி துயரத்தைக் கரைப்பதில்லை. எஞ்சியிருக்கும் குடும்பத்தையே அது கரைக்கிறது.

அதன் பின் நிகழ்ந்தது என்ன? 1926 முடிவதற்குள் பம்பாய்ச் சட்டமன்றத்துக்கு அவர் நியமிக்கப்பட்டார். மகன் மறைந்த எட்டாம் மாதம், 1927 மார்ச் 20-ஆம் நாள், மகாத் நகரில் சவுதார் குளத்துக்கு ஆயிரக்கணக்கான மக்களை அழைத்துச் சென்று, முதலில் தாம் நீரை அள்ளிப் பருகினார். விலங்குகள் குடிக்கலாம், நாம் குடிக்கலாகாது என்றிருந்த குளம் அது. ஏப்ரலில் பகிஷ்கிருத் பாரத் என்னும் இதழைத் தொடங்கினார். அவ்வாண்டு டிசம்பர் 25-ஆம் நாள் அதே மகாதில் மனுநூல் தீக்கிரையாக்கப்பட்டது.

இதைக் கொண்டு, மகன் மறைந்த துயரை அவர் எட்டு மாதத்தில் மறந்தார் என்று கொள்ளலாகாது. துயரத்தோடேதான் அவர் குளத்துக்குள் இறங்கினார். தம் பிள்ளைகள் நால்வரைக் காக்க முடியாத கைகள், பிறர் பிள்ளைகளுக்கு நீர் அள்ளித் தர முன்வந்தன என்றே நான் எண்ணுகிறேன். இறந்தவருக்குச் செய்ய முடியாததை இருப்பவருக்குச் செய்வது, இழந்தவர் மீண்டும் வாழ்வில் கால் ஊன்றுவதற்கு ஒரு வழி.

ரமாபாயின் மறைவு

வசதி சிறிது வந்தபின் பம்பாய் தாதரில் ராஜகிருகம் என்னும் வீட்டை அண்ணல் கட்டினார். நூல்களுக்காகவே கட்டப்பட்ட வீடு என்று அதைச் சொல்வர். ஆனால் நல்ல வீட்டில் நெடுங்காலம் வாழும் பேறு ரமாபாய்க்கு இல்லை. நீண்டகாலப் பட்டினியும் மக்களை இழந்த துயரும் அவர் உடலை உருக்கிவிட்டிருந்தன. பண்டரிபுரம் சென்று விட்டலனை வழிபடவேண்டும் என்று அவர் விரும்பினார். தீண்டப்படாதவர் என்று தொலைவில் நிறுத்தும் கோயிலுக்குச் செல்ல அண்ணலின் தன்மானம் இசையவில்லை. அவ்விருப்பம் நிறைவேறாமலே 1935 மே 27-ஆம் நாள் ரமாபாய் கண்மூடினார். அப்போது அவருக்கு வயது நாற்பது கூட ஆகவில்லை.

அண்ணல் ஓர் அறையில் தனித்திருந்து, ஒரு வாரம் குழந்தையைப் போல் அழுதார் என்று அவர் வரலாற்றை எழுதிய தனஞ்செய் கீர் குறித்துள்ளார். தலையை மழித்துத் துறவியைப் போல் காவி உடை தரித்திருந்தார் என்றும் தெரிகிறது. உலகையே வெறுத்த அந்நிலையில், ஜூன் முதல் வாரத்தில் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வர் பொறுப்பு அவரிடம் வந்தது. அவர் அதை ஏற்றார். மாணவர்கள் காத்திருந்தனர்; வகுப்புகள் இருந்தன; காலையில் எழுந்து செல்ல ஓர் இடம் இருந்தது. அக்டோபர் 13-ஆம் நாள், இயோலா மாநாட்டில், இந்துவாகப் பிறந்த தாம் இந்துவாக இறக்கப் போவதில்லை என்னும் முடிவை உலகுக்கு அறிவித்தார். மனைவி இறந்து அப்போது ஐந்து மாதம் கூட நிறைந்திருக்கவில்லை.

துயரம் அத்தோடு முடிந்ததா? இல்லை. ஐந்தாண்டுகளுக்குப் பின், 1940-இன் இறுதியில், பாகிஸ்தான் சிக்கலைப் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டபோது, அதை ராமு என்று தாம் அழைத்த ரமாபாயின் நினைவுக்கே உரிமையாக்கினார். துணையற்ற வறுமைக் காலத்தில் தம்மோடு சேர்ந்து துன்பம் தாங்கிய அவருடைய மன உறுதியை அவ்வுரிமையுரையில் நன்றியோடு நினைவு கூர்ந்தார். நாட்டின் எல்லைகளை ஆராயும் நூலின் முதற்பக்கத்தில், மறைந்த மனைவியின் செல்லப்பெயர் அச்சாகி நிற்கிறது. ஐந்தாண்டு கழிந்தும் நினைவு வருகிறதே, நமக்கு ஏதோ கோளாறு என்று அஞ்சுபவர்கள் இதை அறிக. துயரம் ஏறும், இறங்கும். திருவிழா நாளிலும், பிள்ளை தேர்வில் தேறிய நாளிலும் கூட, எதிர்பாராமல் வந்து நெஞ்சை அடைக்கும். மீண்டும் தணியும். அதுவே அதன் இயல்பு.

துயரத்துக்குக் கட்டிய கட்டடங்கள்

அண்ணல் தம் மக்களுக்காகச் சொத்துச் சேர்க்கவில்லை, கல்விக்கூடங்களைக் கட்டினார். 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். 1946-இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியும், 1950-இல் ஔரங்காபாத்தில் பின்னர் மிலிந்தர் பெயரைத் தாங்கிய கல்லூரியும் எழுந்தன. நம்மைப் போன்ற கல்விச் சங்கங்கள் யாவும் அப்பேராலின் விழுதுகளே.

எனினும் ஓர் உண்மையை மறைக்காமல் சொல்லவேண்டும். துயரை வேலையில் ஆழ்த்தியவர், தம் உடலைப் பேணத் தவறினார். உறக்கமின்மையும் நீரிழிவும் கால்வலியும் அவரை வாட்டின. அரசியலமைப்பை வரைந்த ஆண்டுகளிலேயே அவர் நோயாளி. 1948 ஏப்ரல் 15-ஆம் நாள் டாக்டர் சாரதா கபீர் என்னும் மருத்துவரை மணந்து, அவருடைய கவனிப்பில் கடைசி ஆண்டுகளைக் கழித்தார். சவிதா என்று பின்னர் அழைக்கப்பட்ட அவ்வம்மையாரை மணந்ததால் ரமாபாயின் நினைவு குறைந்துவிடவில்லை. வாழ்வோர்க்குத் துணை வேண்டும். கைம்பெண்ணோ மனைவியை இழந்தவரோ மறுமணம் புரிந்தால் பழி கூறும் வழக்கத்தை நம் தெருக்களில் இன்னும் காண்கிறோம். அது தகாது. அவ்வாறே, உழைப்பு மட்டுமே துயருக்கு மருந்தன்று. உணவும் உறக்கமும் வேண்டும். மாதக்கணக்கில் மனம் மீளாவிடின் மருத்துவரை நாடுதலும் வேண்டும்.

கடுகுமணியின் பாடம்

தம் இறுதி நூலாகிய புத்தரும் அவர் தம்மமும் என்னும் நூலில், துயரை ஆற்றும் மருத்துவராகப் புத்தரைக் காட்டும் பகுதியொன்றை அண்ணல் அமைத்துள்ளார். அங்கே கிசாகோதமியின் கதை வருகிறது. இறந்த ஒரே மகனைத் தோளில் சுமந்து, மருந்து கேட்டு வீடு வீடாக அலைந்த தாய் அவள். சாவே நிகழாத வீட்டிலிருந்து ஒரு பிடி கடுகு கொண்டுவருமாறு புத்தர் அவளை அனுப்புகிறார். கடுகு எல்லா வீட்டிலும் இருந்தது. சாவு காணாத வீடு ஒன்றும் இல்லை. தன் துயரம் தனக்கு மட்டும் உரியதன்று என்று அறிந்தபோது அவள் தெளிந்தாள். பலர் அறிந்த கதைதான். நான்கு குழந்தைகளைப் புதைத்த தந்தை அதைத் தம் நூலில் எழுதும்போது அதற்குத் தனிப் பொருள் உண்டாகிறது.

1956 அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கானோரோடு அண்ணல் பௌத்தம் தழுவினார். அவ்வாண்டு டிசம்பர் 5-ஆம் நாள் இரவு, தில்லியில், அந்நூலின் முன்னுரையைத் திருத்துவதற்காகப் படுக்கையருகே வைத்துக்கொண்டார். உறக்கத்திலேயே உயிர் பிரிந்தது. 6-ஆம் நாள் காலையில் அவர் எழவில்லை. நூல் மறு ஆண்டு வெளிவந்தது. அன்று அவரை இழந்தவர்கள் நாம் அனைவரும். ஒரு சமூகமே தந்தையை இழந்த பிள்ளையாக நின்றது. அவ்விழப்புக்குப் பின் ஊர்தோறும் அவர் பெயரால் பள்ளியும் விடுதியும் படிப்பகமும் எழுப்பியவர்கள், அவர் தம் துயரை எவ்வாறு தாங்கினாரோ அவ்வாறே தம் துயரையும் தாங்கினர்.

இளைஞர்களே! நம் ஊர்த் தறிவீட்டில் நீங்கள் கண்டிருப்பீர்கள். பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் பாவையே அறுத்து எறிவதில்லை. தறியை நிறுத்துகிறார், அறுந்த முனைகளைத் தேடிப் பிடிக்கிறார், முடிந்து இழுத்துப் பார்த்து, மீண்டும் நாடாவை ஓட்டுகிறார். அந்த முடிச்சு சேலைக்குள்ளே இருக்கத்தான் செய்யும். நிறுத்துவதும் வேண்டும், மீண்டும் ஓட்டுவதும் வேண்டும்.

உங்கள் வீட்டில் இழப்பு நேர்ந்தால் அழுங்கள். ஒருவரிடமேனும் மனம் விட்டுப் பேசுங்கள். பள்ளிக்குச் சில நாள் செல்ல இயலாவிடின், திரும்பிச் செல்லும் நாளைக் குறித்து வையுங்கள். சங்க உறுப்பினர்களே! சாவு வீட்டுக்கு மாலையோடும் காரியச் செலவோடும் செல்லும் நாம், காரியம் முடிந்த மூன்றாம் மாதம் அவ்வீட்டுக்கு மீண்டும் ஒருமுறை செல்வோம். அப்பிள்ளையின் புத்தகப்பை எங்கே தொங்குகிறது என்று பார்ப்போம். அது ஆணியிலேயே தூசி படிந்து தொங்கினால், அதை எடுத்து அவன் தோளில் மாட்டிப் பள்ளி வாயில் வரை உடன் நடப்போம். வெள்ளி விழாக் காணும் நம் சங்கம் அண்ணலுக்குச் செலுத்தும் உண்மையான அஞ்சலி அதுவே.